அங்கி அணியாதவர்களுக்கான சட்டப் படிப்பு

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருப்பவர், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ‘கம்ப்ளையன்ஸ்’ பார்ப்பவர், ஆய்வகத்திலேயே பல ஆண்டு கழித்த வேதியியல் பட்டதாரி, குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்யும் சமூகப்பணிப் பட்டதாரி. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த இயல். எல்லோருக்கும் சட்டம் தேவைப்படுகிறது, யாருக்கும் வக்கீலாகும் எண்ணம் இல்லை. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “என்ன கோர்ஸ் சேரலாம்?”

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: நீங்கள் செய்ய நினைக்கும் வேலையை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு உண்டாக்கியிருக்கிறது? அந்தப் பிரிவு யாரைத் தகுதியானவர் என்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதைப் படிப்பது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். விளம்பரத்தைப் பார்த்து, பெயரில் ‘லா’ என்ற சொல் இருக்கிறதே என்று பணம் கட்டுகிறவர்களுக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் இந்தக் கேள்வி எதிரே வந்து நிற்கும்.

33-ஆம் பிரிவின் தொடக்கம்

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 33-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்யாத எவரும் எந்த நீதிமன்றத்திலும், எந்த அதிகார அமைப்பின் முன்பும் தொழில் செய்ய முடியாது என்பது அதன் சாரம். மீறினால் 45-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நீதிமன்றத்தில் வாதாடினால்தான் தொழில், அலுவலகத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொன்னால் இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் பற்றி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய பாலாஜி வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தொழில் என்பதில் வழக்கு சாராத ஆலோசனைப் பணியும் அடங்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே வழக்கறிஞர் அல்லாதவர் ‘சட்ட ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொண்டு ஊராருக்கு ஆலோசனை விற்பது ஆபத்து.

ஆனால் அதே 33-ஆம் பிரிவு, இந்தச் சட்டத்திலோ நடைமுறையில் உள்ள வேறு எந்தச் சட்டத்திலோ வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் தவிர, என்றுதான் தொடங்குகிறது. அந்த விலக்குக்குள்தான் உங்கள் வாழ்க்கைத்தொழில் இருக்கிறது. நாடாளுமன்றம் வேறு பல சட்டங்களில் வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. சில இடங்களில் வழக்கறிஞருக்கே அனுமதி இல்லாமல், உங்களுக்கு மட்டும் இடம் உண்டு.

சட்டப் படிப்புகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இந்தத் துறை முழுவதும் பிடிபடும். ஒரு வகை, சட்டமே பெயர் சொல்லிக் கேட்கும் தகுதியைத் தருவது. அதை முடித்தவரின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. மற்றொரு வகை, அறிவை மட்டும் தருவது. அதை மதிப்பதும் மதிக்காததும் வேலை தருபவரின் விருப்பம். இரண்டாவது வீண் என்று சொல்ல வரவில்லை. முதல் வகையின் விலையைக் கொடுத்து இரண்டாவதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

தொழிலாளர் சட்டம்: வக்கீல் வெளியே நிற்கும் இடம்

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 36-ஆம் பிரிவில், சமரச நடவடிக்கைகளில் வழக்கறிஞர் வரவே கூடாது என்றது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வழக்கறிஞர் வரலாம் என்றது. தொழிலாளிக்காகத் தொழிற்சங்க நிர்வாகியும், நிர்வாகத்துக்காக முதலாளிகள் சங்கத்தின் அலுவலரும் இயல்பாகவே பேசலாம். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. லேபர் ஆபீஸில் சமரசப் பேச்சு நடக்கும்போது மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் கறுப்பு அங்கி போடாதவர்கள்.

சட்டம் நேரடியாகவே உண்டாக்கிய பதவியும் இங்கே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தே தீர வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை வட்டாரங்களில் 250-க்கும் 500-க்கும் இடைப்பட்ட ஆள்பலம் உள்ள தொழிற்சாலைகளை எண்ணிப் பாருங்கள், இந்த மாற்றத்தின் அளவு புரியும். மாநில விதிகள் அந்தந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத் தொழிலாளர் துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இந்தப் பதவிக்கான படிப்பைத் தேடி டெல்லிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டாம். தமிழக அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் சென்னையிலேயே இருக்கிறது. தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. படிப்புகளோடு, மாலை நேரத்தில் நடக்கும் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயமும், வார இறுதியில் நடக்கும் தொழிலாளர் சட்டப் பட்டயமும் அங்கே உண்டு. நல அலுவலர் பதவிக்குத் தமிழக விதிகள் ஏற்கும் தகுதிகளில் இந்த நிலையத்தின் படிப்புகள் இடம்பெறுகின்றன. பளபளப்பான விளம்பரம் எதுவும் இல்லாததால் இந்தப் பெயர் பலருக்கும் தெரிவதில்லை. வேலையை விடாமல், அரசுக் கட்டணத்தில், விதி கேட்கும் தகுதியையே பெறலாம் என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம்: எந்தப் பட்டயம் எந்தப் பதவிக்குச் செல்லும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். சேர்க்கை அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படித்த சட்டம் அன்றாடம் கைகொடுப்பது உள்விசாரணையில். ஒரு தொழிலாளி மேற்பார்வையாளரைத் தாக்கினார் என்று புகார் வருகிறது. விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பிறகு விசாரணை, சாட்சிகள், குறுக்கு விசாரணை, விசாரணை அலுவலரின் முடிவறிக்கை, இரண்டாவது காரணம் கேட்கும் நோட்டீஸ். இவ்வளவும் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே, பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லாதவர்களால் நடத்தப்படுகிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் தேதியும் இடமும் தெளிவாக இல்லாவிட்டாலும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தராவிட்டாலும், ஐந்து ஆண்டு கழித்துத் தொழிலாளர் நீதிமன்றம் அந்த விசாரணையையே செல்லாது என்று சொல்லக்கூடும். நியாயமாக நடந்த விசாரணை நிர்வாகத்தைக் காப்பாற்றுவதைப் போலவே, குற்றம் செய்யாத தொழிலாளியின் சோற்றையும் காப்பாற்றுகிறது. இந்த வேலையை நன்றாகச் செய்பவர்களுக்குத் தொழிற்பேட்டைகளில் எப்போதும் தேவை இருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளிநாட்டு வாங்குபவர்கள் அனுப்பும் தணிக்கையாளர் எஸ்.ஏ.8000, ஜி.ஓ.டி.எஸ். போன்ற தரநிலைகளை வைத்துக் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி நம் நாட்டுச் சட்டத்தையே அளவுகோலாகக் கொண்டவை: மிகைநேர ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வயதுச் சான்று, விடுதி வசதி. தரநிலைப் பயிற்சி மட்டும் பெற்றவரைவிட, அதன் அடியில் இருக்கும் சட்டத்தையும் படித்தவர் தணிக்கையாளரோடு சமமாக நின்று பேசுவார். ஆகவே முதலில் தொழிலாளர் சட்டப் பட்டயம், பிறகு தரநிலைப் பயிற்சி என்ற வரிசையே சரி.

காப்புரிமை: அறிவியல் பட்டம் முதலில், சட்டம் பிறகு

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 126-ஆம் பிரிவில் காப்புரிமை முகவர் யார் என்று சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும், அரசு நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். சட்டப் பட்டம் தேவையில்லை. தேர்ச்சி பெற்றுப் பதிவு செய்தவர் கண்டுபிடிப்பாளருக்காக ஆவணங்களைத் தயாரிக்கலாம், காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முன் ஆஜராகலாம். 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், இந்தத் தேர்வு எழுதாத வழக்கறிஞர்களுக்கு இந்த இடத்தை மறுத்தது. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2013-இல்தான் சாதகமான தீர்ப்பைப் பெற்றார்கள். வழக்கறிஞர்களே வழக்குப் போட்டுக் கேட்ட இடம் ஒரு வேதியியல் பட்டதாரிக்குத் தேர்வு எழுதினாலே திறக்கிறது.

தேர்வில் இரண்டு எழுத்துத்தாள்கள், பிறகு நேர்முகம். தாள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 விழுக்காடும் மொத்தத்தில் 60 விழுக்காடும் வேண்டும். முதல் தாளைச் சட்டத்தையும் விதிகளையும் திரும்பத் திரும்பப் படித்துத் தாண்டிவிடலாம். பலர் சறுக்குவது இரண்டாவதில்தான். கொடுக்கப்பட்ட கண்டுபிடிப்பை வைத்து உரிமைக்கோரல்களை எழுதிக் காட்ட வேண்டும். அகலமாக எழுதினால் ஏற்கெனவே உலகில் இருக்கும் ஒன்றோடு மோதும், குறுக்கி எழுதினால் போட்டியாளர் ஒரு திருகாணியை மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். இந்த நிதானம் படித்து வருவதல்ல, எழுதி எழுதி வருவது. தேர்வு சீரான இடைவெளியில் நடப்பதில்லை என்பதால், அறிவிப்பு வந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருக்காமல் முன்பே தயாராக இருப்பவர்களுக்கே அது பயன்படும்.

இங்கே செலவு செய்யும் முன் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் டி.எல்.-101 என்ற தொடக்கநிலைப் பாடத்துக்குக் கட்டணம் இல்லை. பொறியாளர்களுக்கும் அறிவியலாளர்களுக்குமான காப்புரிமைச் சட்டம் பற்றிச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்திய பாடம் என்.பி.டி.இ.எல்.-இல் இருக்கிறது. இரண்டையும் முடித்த பிறகும் ஆர்வம் குறையாவிட்டால் ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் காப்புரிமைச் சட்டப் பட்டயம், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் அறிவுசார் சொத்துரிமைப் பட்டயம், இக்னோவின் காப்புரிமைப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்றை யோசிக்கலாம். ஆனால் இவற்றில் எதுவும் முகவர் தேர்வுக்கு ஈடாகாது. பட்டயம் இல்லாமல் தேர்வில் தேறியவருக்குப் பதிவு உண்டு, தேர்வில் தேறாமல் மூன்று பட்டயம் வைத்திருப்பவருக்கு இல்லை. கட்டுப்பாட்டாளரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும், அங்கே முகவர் வழக்கறிஞருக்குப் பின்னால்தான் உட்கார முடியும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி, திவால், தரவு

வணிகவியல் பட்டதாரிகளுக்கு நான் சொல்வது சுருக்கமானது: கம்பெனி செக்ரட்டரி படிப்பை விட்டுவிட்டு வணிகச் சட்ட எம்.ஏ. தேடாதீர்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டமும் அதன் விதிகளும், பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகளும் முழுநேரச் செக்ரட்டரியை வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அதே சட்டத்தின் 432-ஆம் பிரிவு, தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகும் உரிமையை வழக்கறிஞரோடு சேர்த்துக் கம்பெனி செக்ரட்டரிக்கும், சி.ஏ.வுக்கும், காஸ்ட் அக்கவுண்டன்டுக்கும் தருகிறது. சென்னையிலும் அந்தத் தீர்ப்பாயத்தின் அமர்வு உண்டு. படிப்பு கடினம், பயிற்சிக்காலமும் நீண்டது. ஆனால் சட்டப் பட்டம் இல்லாமல் ஒரு தீர்ப்பாயத்தின் முன் எழுந்து நின்று பேசும் உரிமை சும்மா கிடைக்காது.

பங்குத் தரகு நிறுவனங்களில் விதி இணக்கம் பார்ப்பவருக்கு தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மூன்று-ஏ வரிசைத் தேர்வு அவசியம். அது பட்டமல்ல, ஒரு தேர்வு மட்டுமே, ஆனால் விதி கேட்பது அதைத்தான். திவால் துறையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற வல்லுநராக, அனுபவம் மிக்க சி.ஏ., சி.எஸ்., வழக்கறிஞர் ஆகியோரோடு, நிர்வாகத்தில் 15 ஆண்டு அனுபவம் உள்ள பட்டதாரியும் தேர்வு எழுதி வரலாம். வங்கியில் வாராக்கடன் பிரிவில் காலம் கழித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு இப்போதுதான் உருவாகிவரும் துறை. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். பெரிய அளவில் தரவைக் கையாள்வதாக அரசு அறிவிக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் சட்டப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கணினிப் பாதுகாப்பில் அனுபவம் உள்ளவர் ஓராண்டுச் சைபர் சட்டப் பட்டயம் படித்தால் பலன் தரும் இடம் இது. இங்கே அறிவு தரும் படிப்பே போதும், ஏனெனில் சட்டம் எந்தப் பட்டத்தையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை.

சமூகப்பணியிலிருந்து வருபவர்கள்

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களை உட்கார வைக்கிறது. அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உண்டு. அந்தக் குழுவுக்கு நடுவர் அமர்வுக்குரிய அதிகாரத்தைச் சட்டம் தருகிறது. அதாவது, சட்டம் படிக்காத ஒரு களப்பணியாளர், நீதிமன்ற அதிகாரத்தோடு ஒரு குழந்தையின் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கிறார். குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று கையெழுத்திடும் அந்தக் கைக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியது எவ்வளவு முக்கியம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி குழந்தை உரிமைச் சட்டத்தில் பட்டயம் நடத்துகிறது. தொண்டு நிறுவனங்கள் தங்கள் மூத்த பணியாளர்களை இத்தகைய படிப்புக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டும்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடம் தருகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழுவையும், அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரையும் கேட்கிறது. பெண்களின் உரிமைக்காகப் பாடுபடும் அமைப்பைச் சேர்ந்தவரோ இந்தப் பிரச்சினையை நன்கு அறிந்தவரோ அந்த உறுப்பினர் ஆகலாம். இதற்கென்று இரண்டு நாள் பயிற்சி நடத்திச் சான்றிதழ் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். சட்டம் அந்தச் சான்றிதழைக் கேட்கவில்லை. விசாரணை நடத்தத் தெரிவது, இரு தரப்பையும் கேட்பது, அறிக்கை எழுதுவது ஆகியவற்றைத்தான் வேலை கேட்கிறது.

பட்டங்களின் பெயரும் அவற்றின் எல்லையும்

சட்டப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் முதுநிலைப் படிப்புகளில், எல்.எல்.எம். அல்லது எம்.எல். என்பது எல்.எல்.பி. முடித்தவருக்கு மட்டுமே. எந்தப் பட்டதாரியும் சேரக்கூடியவை வேறு: பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் தொலைநிலை எம்.பி.எல். (வணிகச் சட்ட முதுநிலைப் பட்டம்), நல்சார் தொலைநிலையில் நடத்திவந்துள்ள விமானச் சட்டம், விண்வெளி மற்றும் தொலைத்தொடர்புச் சட்டம் போன்ற ஈராண்டு எம்.ஏ.க்கள், ஓராண்டு முதுநிலைப் பட்டயங்கள். விமான நிலையத்தில் பத்தாண்டு வேலை பார்த்தவர் விமானச் சட்டம் படித்தால் அவருடைய அனுபவத்துக்கு எலும்பு முளைக்கும். அந்தத் துறையையே பார்த்திராத 22 வயது இளைஞர் அதே எம்.ஏ.வைப் படித்துவிட்டு வேலை தேடினால் அலைய வேண்டியிருக்கும். வேலையில் கால் ஊன்றியவருக்கே இந்தப் பட்டங்கள் பொருந்தும் என்பது என் கருத்து. கல்லூரி முடித்த கையோடு இவற்றில் சேர நான் யாருக்கும் சொல்வதில்லை.

முந்தைய தலைமுறையில் அஞ்சல்வழியில் பி.ஜி.எல். (பொதுச் சட்ட இளநிலைப் பட்டம்) படித்த அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் நிறைய உண்டு. அதுவும் அறிவுக்கான பட்டம்தான், அதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இப்போது விளம்பரப்படுத்தும் எம்.எல்.எஸ்., எம்.எஸ்.எல்., ஜே.எம். பட்டங்களும் இதே வகை. யேல் போன்ற இடங்களில் பத்திரிகையாளர்கள் முதலானோர் ஓராண்டு சட்டம் கற்க ஏற்பட்ட மரபிலிருந்து வளர்ந்தவை அவை. இவற்றைப் படித்துவிட்டு அங்கே வழக்கறிஞர் தேர்வு எழுதலாம் என்று எந்த முகவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கேயே வேலையில் இருந்து, நிறுவனம் கட்டணம் செலுத்துகிறது என்றால் சேரலாம். இங்கிருந்து கடன் வாங்கிப் போகத் தக்கவை அல்ல.

வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ‘லா ஆபீசர்’ என்று விளம்பரம் செய்தால் அது எல்.எல்.பி. முடித்தவருக்கானது. எம்.பி.எல்.லை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

வேலையில் சேர்ந்த பிறகு மறக்கக் கூடாத ஒன்று உண்டு. கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் சொன்னதைச் சாட்சியச் சட்டம் ரகசியமாகப் பாதுகாக்கிறது. உங்களிடம் நிர்வாகம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீங்கள் மேலாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் நாளை சாட்சி ஆவணமாக வரக்கூடும். ஆகவே உண்மையை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். வழக்கு வரும் என்று தோன்றிய கணமே வெளி வழக்கறிஞரிடம் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு, “இல்லை, எனக்கு நீதிமன்றமே வேண்டும்” என்று சிலருக்குத் தோன்றும். அவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி.யைத் தவிர வேறு வழி இல்லை. அதைத் தொலைநிலையில் தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள், பார் கவுன்சில் ஏற்காது. 70 விழுக்காடு வருகை கட்டாயம், வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் நடக்கும். பட்டம் பெற்றுப் பதிவு செய்த பிறகும், பார் கவுன்சிலின் 49-ஆம் விதிப்படி, முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. எனவே விண்ணப்பம் போடும் முன் வீட்டு வரவு செலவை மூன்று ஆண்டுக்கும், தொழில் காலூன்றும் வரை அதற்குப் பிறகான காலத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நிறுவனத்தில் படிப்பு விடுப்பு உண்டா என்பதை வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.